கூடப் பாடியவள்

ஏற்காடு,
12.8.1988

அன்புள்ளவளுக்கு,

நாடகம், சினிமா, பக்தி கேசட் என்று முப்பது வருடம் பாடிய தொண்டையில் ஆபரேஷன் ஆகிவிட்டது. இங்கே வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன்.

நேற்று ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் டீக்கடை ரேடியோவில் நம் முதல் பாட்டு வந்தது. எழுதிப் பாடியவர் என்று என் பெயரை மட்டும் சொன்னார்கள். கடைக்கார மாதையனுக்கு என்னைத் தெரியாது.

"ஏனுங்க, கூடப் பாடுற அம்மா நொம்ப நல்லாப் பாடுது. அது யாருங்க?" என்றார்.

இசைத்தட்டில் உன் பெயர் வேண்டாம் என்று அன்று சொன்னவன் நான். நீ பிரிந்து போன பிறகும் வாய் திறக்கவில்லை.

"காவேரிங்க. பாட்டை எழுதுனதும் அவங்கதானுங்க" என்றேன்.

இன்று வானொலி நிலையத்துக்கும் அப்படியே எழுதிப் போட்டுவிட்டேன். நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். ரேடியோ மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் பாட்டால் பேர் வாங்கியவன்