சாக்கோட்டையிலிருந்து திரும்பி வந்த பாதி ஸ்பாஞ்ச்

என் அன்பு வள்ளிக்கு,

இன்று தை இரண்டாம் நாள், மாட்டுப்பொங்கல். நீ போனது புரட்டாசி மூன்றாம் புதன்கிழமை. என் அக்கா அதை வியாழன் என்றே எல்லோரிடமும் சொல்லி வருகிறாள். நானும் விடாமல் திருத்தி வருகிறேன். இவற்றையெல்லாம் விட நீ முதலில் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. மேனேஜர் நலம்.

இதைப் படிக்கும் பிறர் வேறு யாரையோ நினைத்துவிடக் கூடாது. மேனேஜர் என்பது நம் கூடத்து மீன்தொட்டியில் இருக்கும் தங்கமீன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பட்டத்தை நீ மீனுக்குக் கொடுத்தாய். "அங்குட்டும் இங்குட்டும் போயி எல்லாத்தையும் மொறச்சுப் பாக்குது, ஒரு வேலையும் செய்யாது. வேற என்ன பேரு வைக்கச் சொல்றீக?" என்றாய்.

அந்த மேனேஜர் உன் பின்னாலேயே புறப்பட்டுவிடப் பார்த்தது.

உன் கருமாதியன்று நான் ஊரணிக்கரையில் சடங்கில் இருந்தேன். துக்க வீட்டில் பழைய தண்ணீர் ஒரு சொட்டும் தங்கக் கூடாது என்று அக்கா குடம், அண்டா, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துக் கழுவினாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். அதுவும் வீட்டில் நின்ற தண்ணீர்தானே? மீன்களைக் குண்டானில் விட்டு, தொட்டியைக் காலி செய்து, குழாய்த் தண்ணீரை நிரப்பினாள். ஃபில்டருக்குள் பழுப்பேறி வழுவழுப்பாக இருந்த ஸ்பாஞ்சைச் சோப்புப் போட்டுக் கசக்கி வெயிலில் காயவும் வைத்துவிட்டாள்.

"எம்புட்டு அழுக்கு தம்பி! வள்ளி படுத்ததுலருந்து யாரும் கவனிக்கல போல. இப்பப் பாரு, பளிங்காட்டம் இருக்கு" என்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன, அழுதுகொண்டே கழுவியிருக்கிறாள்.

அந்தப் பழுப்பு அழுக்கல்ல என்று எனக்குச் சொன்னவள் நீ. மீன்களின் கழிவு தண்ணீரில் நஞ்சாகிவிடாமல் அதை உண்டு தீர்க்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன. அதனால்தான் நீ ஸ்பாஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோனதே இல்லை. தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளி எடுத்து, அதில் மெல்ல அமுக்கி எடுத்து, திரும்ப வைத்துவிடுவாய். சுத்தத்தில் கறாரான எனக்கு அது போதவில்லை. "இவ்வளவுதானா?" என்பேன். "குளிப்பாட்டலங்க, மூச்சு விட வைக்கிறேன்" என்பாய்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பால்போல் வெளுத்தது. மேனேஜரோடு இருந்த சின்ன மீன்கள் இரண்டும் திங்களன்று போயின. மேனேஜர் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் நீ வளர்த்த உயிர் என்று நான் ஒருவன்தானே மிஞ்சியிருப்பேன்?

சாக்கோட்டை ஜமீலாவைப் போனில் அழைத்தேன். உன்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவள்; மீன்தொட்டி வைத்திருப்பவர்களில் எனக்குத் தெரிந்தவள் அவள் மட்டுமே.

"என்னத்தண்ணே கழுவுனீக?" என்றாள். சொன்னேன். "தீனி போடாதீக. நேத்துப் பிடிச்சு வச்ச தண்ணி இருந்தா, அத ஊத்திப் பாதித் தண்ணிய மாத்துங்க. நான் இந்தா வாறேன்."

அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. உள்ளே அவள் வீட்டுத் தொட்டித் தண்ணீரில் ஒரு பழுப்பு ஸ்பாஞ்ச் மிதந்தது. ஓரத்தில் கத்தரிக்கோல் வெட்டு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் வீட்டு மீன்கள் தங்காமல் செத்துக்கொண்டிருந்த காலத்தில், ஓடிக்கொண்டிருந்த நம் ஸ்பாஞ்சை நீ பாதியாக வெட்டி அவளுக்குக் கொடுத்தாய். நல்ல பொருளை வெட்டுகிறாயே, கடையில் புதிது கிடைக்குமே என்று நான் கண்டித்தேன். "கடையில ஸ்பாஞ்சுதான கெடைக்கும்? இதுல இருக்க உசுரு கெடைக்குமா?" என்றாய்.

"வள்ளியக்கா குடுத்ததுதாண்ணே. எங்க தொட்டியில இன்னொண்ணு பழகிருச்சு. அவுக வீட்டுக்கே திரும்பி வந்துருச்சு" என்று சொல்லியபடி ஜமீலா அதை ஃபில்டரில் பொருத்தினாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "கழுவி வச்சதுல மறுபடி அந்த அழுக்கையா வைக்கிறீக?"

"அழுக்கு இல்லம்மா. பாலத் தயிராக்குற ஒறமோர் மாதிரின்னு வச்சுக்கங்க. இது இருந்தாத்தான் தண்ணி தண்ணியா இருக்கும்."

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தி! அப்ப நான் ஒறமோரையா சோப்புப் போட்டுக் கழுவினேன்?"

அன்று நம் வீட்டில், நீ போன பிறகு முதன்முறையாக, நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்து முடிக்குமுன் அக்கா அழுதுவிட்டாள். நீ இருந்திருந்தால் அவளை என்ன சொல்லித் தேற்றியிருப்பாய்?

கார்த்திகை முதல் நாள் மேனேஜர் வழக்கமான மேற்பார்வைக்குத் திரும்பியது. அன்றே ஒரு புது ஸ்பாஞ்சை வாங்கி உன் பாதிக்குப் பக்கத்தில் வைத்தேன். உன்னுடையது ஓரங்களில் உதிரத் தொடங்கியிருந்தது. மார்கழி முழுவதும் இரண்டும் அருகருகே இருந்தன. "பழசுல இருந்ததெல்லாம் புதுசுல ஏறிருச்சுண்ணே, பழச எடுத்துருங்க" என்று ஜமீலா பலமுறை சொன்னாள். மார்கழியில் எடுக்க மாட்டேன், தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். காரணம் மார்கழி அல்ல என்பது உனக்குத் தெரியாதா?

இன்று காலை எடுத்தேன். என் கையிலேயே பொடிந்தது. மாலைவரை தொட்டியின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது, வள்ளி. புது ஸ்பாஞ்ச் உன்னுடையதைப் போலவே பழுப்பேறிவிட்டது.

இன்னொரு செய்தி. கண்டரமாணிக்கத்தில் தன் வீட்டில் அக்காவும் ஒரு தொட்டி வாங்கி வைத்திருக்கிறாள். "ஒறமோரு எப்பத் தருவ தம்பி?" என்று தினமும் போன் செய்கிறாள். மாசி முதல் ஞாயிறு அன்று இந்த ஸ்பாஞ்சைச் சரிபாதியாக வெட்டி, தூக்குவாளியில் தொட்டித் தண்ணீரோடு நானே பஸ்ஸில் எடுத்துப் போவேன். ஒரு நாள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மீதிப் பாதியை என் காலம் உள்ளவரை நான் பார்த்துக்கொள்வேன். குளிப்பாட்ட மாட்டேன், மூச்சு விட வைப்பேன்.

இப்படிக்கு,
நீ மேனேஜர் என்று அழைக்காத
உன் வீட்டுக்காரன்