சஹனில் என் பக்கம்

இன்று பெருநாள். உன் மூத்த மகன் வந்து ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மூடியைத் திறந்ததும் ஏலக்காயும் கித்துள் கருப்பட்டியும் கலந்த மணம் அறை முழுவதும் பரவியது. கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தேன். அதற்கு மேல் போனால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். நெஞ்சு படபடக்கும், முதுகு வியர்க்கும், கை நடுங்கும், பிறகு படுத்தே கிடக்க வேண்டும். உன் மகனுக்கும் இப்போது அது தெரியும். அதனால்தான் சின்னக் கிண்ணமாகப் பார்த்துக் கொண்டுவந்தான். ஆனால் அவனுக்கு அது தெரியவர நீ சாக வேண்டியிருந்தது. என் கோபம் அதுதான். அதை உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நான் கோபப்படுகிறவன் அல்ல. நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்தே காலத்தைக் கழித்தவன். ஒரு கோடு பிழையாகிவிட்டால் மேலதிகாரிக்கு முன்பாக நானே என்னைக் கண்டித்துக்கொள்வேன். இந்தக் கோபமும் நியாயமானதுதானா என்று பலமுறை யோசித்துவிட்டேன். சரியாகத் தெரியவில்லை. ஆனால் ஆறாமல் இருக்கிறது.

மட்டக்களப்பில் நாம் படித்த வகுப்பில் தடியர்கள் நாம் இருவர்தான். ஒரே வாங்கில் இருந்தால் அது முறிந்துவிடும் என்று வாத்தியார் நம்மைப் பிரித்து வைத்தார். உனக்கு உன் உடம்பில் ஒரு பெருமை. ஏறாவூரில் உன் துணிக்கடை வாசலில் நின்றுகொண்டு, "நான் நிண்டாக் கடைக்குக் கதவு தேவையில்ல" என்பாய். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. என்றாலும் கடல் வரும்வரை என் உடம்பும் நானும் ஒருவாறு ஒத்துப்போய்க்கொண்டிருந்தோம்.

சுனாமி அன்று காலை என் ஊர் பெரியகல்லாற்றில், கட்டி முடியாத ஒரு வீட்டின் மேல்தட்டுக்கு என்னை மூன்று பேர் வலைக்கயிறு போட்டு இழுத்து ஏற்றினார்கள். நான் மேலே போய்ச் சேர்வதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது. கீழே நின்றவர்கள் இல்லாமல் போனார்கள். தட்டில் குந்தியிருந்த யாரோ ஒருவர் சொன்னார்: "இவர இழுத்த நேரத்துக்கு ரெண்டு புள்ளையள ஏத்தியிருக்கலாம்."

யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொன்னது பொய்யும் அல்ல. அந்த வசனத்தை உன் ஒருவனுக்குத்தான் சொன்னேன்.

அதன் பிறகுதான் நோர்வேயில் இருக்கும் என் மகள் சென்னையில் ஏற்பாடு செய்தாள். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவு மிச்சம் வைத்தார்கள். எடை குறையும் என்றார்கள். குறைந்தது. மற்றவற்றை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. மூன்று கவளம் சோறு. நான்காவது நெஞ்சில் நின்றுகொள்ளும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், எழுந்து ஓட வேண்டும். தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நம் ஊர் வெயிலிலும் குளிரெடுத்தது. கையை உயர்த்தினால் தோல் ஈரத் துணி போலத் தொங்கியது. எல்லாவற்றையும் விடக் கொடியது, பசி போய்விட்டது. மனைவி போன பிறகு எனக்குத் துணையாக இருந்தது சாப்பாடு ஒன்றுதான். மத்தியானம் வந்ததை இப்போது மணிக்கூட்டைப் பார்த்துத்தான் அறிகிறேன். காண்கிறவர்களோ, "இப்பதான் ஐயா வடிவு" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவர்கள் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. சிரித்துவிட்டு வந்தேன்.

சென்னையிலிருந்து திரும்பிய அன்று நீ சொன்னாய்: "ஊருக்குச் சொல்லாத மச்சான். சனம் கடலுக்குப் புள்ளையளக் குடுத்திட்டு நிவாரணச் சோத்துக்கு வரிசையில நிக்கிது. சாப்பிடாம இரிக்கிறத்துக்குப் பிளேன்ல போய் வெட்டிட்டு வந்தன் எண்டு சொல்லப் போறியா? ஹேர்ணியா எண்டு சொல்லு. மிச்சத்துக்கு நான் இரிக்கிறன்."

இருந்தாய். அதை மறுக்க மாட்டேன். உன் சின்ன மகளின் கல்யாணத்தில் என்னை உன் பக்கத்தில் இருத்திக்கொண்டாய். பாயில் ஒரு பெரிய தட்டு. உங்கள் ஆட்கள் சஹன் என்பது. அதைச் சுற்றி ஆறு பேர். நடுவில் நெய்ச்சோறும் கறியும். அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. எல்லோரும் முடிக்கும்வரை யாரும் எழும்பக் கூடாது. என் பக்கம் கோழி வரும்படி முதலிலேயே தட்டைத் திருப்பி வைத்தாய். நான் மூன்று கவளத்தோடு நின்றேன். கதை சொல்லிக்கொண்டே உன் விரல்கள் மெல்ல மெல்ல என் பக்கம் வந்தன. என் சோறு கரைந்துகொண்டே போனது. எதிரில் இருந்தவர், "பெரியகல்லாத்து ஐயா மெலிஞ்சாலும் வாய் மெலியல்ல" என்று சொல்ல, நீ புரைக்கேறச் சிரித்தாய்.

பிறகு எந்தக் கல்யாணத்திலும் அதே கதைதான். ஒருமுறை சொன்னேன்: "உனக்கும் சீனி வருத்தம் இரிக்கு. பாத்துத் தின்."

"உன்ட பங்கு எனக்குச் சீனி ஏத்தாது மச்சான். அது தர்மக் கணக்குல போகுது."

சோதனைச் சாவடியிலும் நீதான். என் அடையாள அட்டையில் இருந்தது பழைய முகம், வீங்கிய பலாப்பழம் போல. சிப்பாய் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், துவக்கை ஒரு பக்கம் மாற்றிப் பிடித்தான். நீ சிங்களத்தில் ஏதோ சொல்லி, கன்னங்களை ஊதிக் காட்டினாய். பிறகு ஒட்டவைத்துக் காட்டினாய். அவன் சிரித்துவிட்டான். பஸ்ஸில் ஏறிய பின், "புத்துநோய், கடைசிக் கட்டம் எண்டு சொன்னன்" என்றாய். உயிர் தப்பியதற்கு நன்றி சொன்னேன். ஆனால் உன் கடைசிக் கட்டக் கதைக்குச் சிரிக்க என்னால் முடியவில்லை.

சண்டை முடிந்து, சனம் முகாம்களிலிருந்து திரும்பத் தொடங்கிய காலத்தில், வாழைச்சேனை பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் இருந்தாள். மடியில் ஒரு பிள்ளை. என் கழுத்தையும் கையையும் பார்த்துவிட்டு, "ஐயாவும் அங்கதான் இருந்தீங்களா? எந்த முகாம்?" என்று கேட்டாள். நான் வெளியே பார்த்தேன். அவள் பிள்ளையின் இனிப்புப் பணிஸைப் பாதியாகப் பிய்த்து என் கையில் வைத்தாள். "தின்னுங்க ஐயா. இனிப் பயமில்ல." தின்றேன். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, வேலியோரம் நின்று அவ்வளவையும் வாந்தி எடுத்தேன். உன்னிடம் வந்து சொன்னபோது, "சொல்லாததுதான் நல்லம். சொல்லியிருந்தா அந்தப் புள்ள உன்ன ஓடுற பஸ்ஸால தள்ளியிருக்கும்" என்றாய். அன்றுதான் உன் மீது முதன்முதலாக எனக்குக் கோபம் வந்தது. என்னை நம்பிப் பணிஸ் தந்தவளிடம் உண்மையைச் சொல்லும் வாயை நீ எனக்குப் பழக்கவில்லை, மூடத்தான் பழக்கினாய்.

பிறகு சீனி ஏறி உன் காலில் புண் வந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் உன்னைப் பார்க்க வந்தபோது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. "உனக்கு மேல வெட்டினானுகள், எனக்குக் கீழ வெட்டிட்டானுகள்" என்றாய். "ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளுக்குக் காணும்." நான் அழுதேன். நீ, நான் கொண்டுவந்து மேசையில் வைத்த பழத்தைத் தின்னலாமா என்று கேட்டாய்.

புண் ஆறாமலே நீ போனாய். நாற்பதாம் நாள் உனக்காக ஓதிச் சோறு போட்ட கத்தத்துக்கு வந்தேன். உன் மகன் என்னைச் சஹனில் இருத்தி, "வாப்பாட இடத்துல நீங்கதான் மாமா" என்று சொல்லி, என் பக்கம் சோற்றைக் குவித்தான். மூன்று கவளம் தின்றேன். பக்கத்தில் நீ இல்லை. மற்றவர்கள் முடித்துவிட்டு, கையை மடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். என் சோறு மட்டும் குன்று போல இருந்தது. எதிரில் ஓட்டமாவடி நெல் வியாபாரி, உன் மச்சினன், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, எங்கட ஊட்டுச் சோறு உங்களுக்கு இறங்காதோ?"

பாயில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தமிழர், முஸ்லிம் என்று நம் இரு சனத்துக்கும் இடையில் அந்தக் கொலைகள் எல்லாம் நடந்த பிறகு, ஒருவர் வீட்டுச் சோற்றை மற்றவர் விட்டு எழும்புவது வயிற்று விஷயமாக மட்டும் இருக்காது. உன் மகன் தலையைக் குனிந்துகொண்டான். ஹேர்ணியா என்று சொல்ல வாயெடுத்தேன். வேறொன்று வந்தது.

"எனக்கு வயிறில்ல! வெட்டி எடுத்துட்டாங்க! கொழுப்புக்கு, நானே போய் வெட்டினன்! இவ்வளவு காலமும் என்ட பங்கைத் திண்டது இவன்ட வாப்பா!"

என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. உன் மச்சினன் மடித்திருந்த கையை விரித்தார்.

"அதுக்கு ஏன் ஐயா கத்துறீங்க? முதல்லயே சொன்னாப் போதாதா? தம்பி, ஐயாவுக்கு ஒரு கோப்பையில கோழி ஆணம் கொண்டா. குடிப்பார்."

அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை. தட்டு எடுக்கப்பட்டது, துஆ ஓதினார்கள். வழியனுப்ப வந்த உன் மகன் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "மாமா, வாப்பா உங்களுக்காகவா திண்டார்?"

"தெரியாது மகன்" என்றேன். "அவருக்குச் சோறும் விருப்பம்."

இரண்டும் உண்மை. வீடு வரும்வரை கோபம் அடங்கவில்லை. இவ்வளவுதானா? இந்த ஒரு வாக்கியத்துக்கா நாம் இத்தனை காலம் பயந்துகொண்டிருந்தோம்? ஊரின் பயம் என்றாய். ஊர் கோழி ஆணம் அல்லவா தந்தது. எல்லா ஊரும் தருமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பஸ்ஸில் அவள் தந்திருப்பாளா என்றும் தெரியாது. ஆனால் கேட்டுப் பார்க்கும் உரிமை என்னுடையதாக இருந்தது. அதையும் நீயே தின்றுவிட்டாய்.

இப்போது எங்கு போனாலும் பாயில் குந்தும் முன்பே சொல்லிவிடுகிறேன். குரல் இன்னும் தேவைக்கு மேல் உரக்கத்தான் வருகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் இருந்த ஒரு கிழவர், "அப்ப உங்கட இறைச்சித் துண்டு எனக்குத்தான்" என்று கையை நீட்டினார். அவர் கையை நான் தட்டிவிட்டேன். அவருக்கும் சீனி வருத்தமாம்.

நீ என்னை முன்பே சொல்ல விட்டிருந்தால், உன் பங்கை மட்டும் தின்றிருப்பாய்.