என் பேரில் ஒரு மலைப்பாம்பு

பிப்ரவரி 9, 2025 – ஞாயிறு

காலையில் மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது பெங்களூரிலிருந்து வீட்டுக்காரர் போன். "ஓடிபி வந்திருக்கும், சொல்லு." கையைத் துடைத்துக்கொண்டு ஆறு எண்ணையும் படித்தேன். எதற்கென்று கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கேட்டதில்லை. "உங்க பேருல ஒண்ணும் நிக்காதுங்க, சம்சாரம் பேருல செய்யுங்க" என்று கல்யாணமான புதிதில் ராசிபுரத்து ஜோசியர் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தறிக்கூடம், டெம்போ, கரண்ட் கனெக்‌ஷன் எல்லாமே நர்மதா பேரில். நர்மதா கையில் என்ன இருக்கிறது? ஆறு எண்.

சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே மலைப்பாம்பு. என் முன்கைத் தடிமன், செங்கல் நிறம். பிளட் பைத்தானாம். சுமத்ரா பக்கம் சதுப்புக் காட்டில் இருப்பதாம். "சேலம் ஃபேர்லேண்ட்ஸ்லயே நம்மகிட்ட மட்டுந்தான் இருக்குது" என்றார். பேர் டைகராம்.

வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு ரமேஷ்குமார் ஓணானுக்காகப் பெங்களூர் வரைக்கும் போயிருக்கிறார்.

பிப்ரவரி 11

நல்லம்மாள் வேலையை விட்டுப் போய்விட்டாள். "பாம்பு இருக்கற ஊட்டுல பாத்திரம் தேய்க்க என்னால ஆவாதுங்க சாமி." இந்த வீட்டில் இதுவரை தெளிவாக ஒரு முடிவெடுத்த ஆள் அவள் ஒருத்திதான்.

பிப்ரவரி 23

இன்று கண்காட்சி. இவருடைய நண்பர்கள் நாலு பேர். எல்லாருக்கும் நான் பஜ்ஜி போட்டேன். வீரர் பெட்டியைத் திறந்து, மேலிருந்து கையை விட்டுக் கழுத்தைப் பிடிக்கப் போனார். அது பந்து போல ஊதிக்கொண்டு உஸ்ஸென்று சீறிற்று. இவர் விடுவாரா? மறுபடியும் கை. ஒரே பாய்ச்சல், கட்டை விரலில் இரண்டு வரிசை ரத்தப் புள்ளி. ஐயா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. விஷமில்லையாம். விஷமில்லாததற்கே இந்தக் கத்தல்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காடு ரோட்டோரம் தோட்ட ஹோட்டல் கட்டிக்கொண்டிருக்கிற நாச்சிமுத்துவுக்கு மட்டும் ரொம்பச் சந்தோஷம். "அந்தச் சீறல் இருக்குது பாருப்பா, அதுக்கே கூட்டம் அள்ளும்!" என்றார். பஜ்ஜியும் அவர்தான் அதிகம் தின்றார்.

மார்ச் 6

வாரத்துக்கு இரண்டு எலி. ஃப்ரீசரில் பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில் உறைந்து கிடக்கின்றன. "நல்லாத் தின்னாத்தான் சீக்கிரம் பெருசாகும்" என்கிறார். பாம்பா அது, பொங்கலுக்கு வளர்க்கிற கிடாயா?

மார்ச் 18

வந்து முப்பத்தேழு நாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளிக்குப் போயிருக்கிறது. துடைத்தது யார் என்று எழுதவும் வேண்டுமா? அவர் ஈரோட்டுச் சந்தையில்.

ஏப்ரல் 3

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாம்புக்குச் சூடு வேண்டும் என்று எவனோ வீடியோவில் சொன்னானாம். பெட்டிக்கு மேல் பெரிய பல்பு, பகலெல்லாம். சேலத்துப் பங்குனி வெயிலுக்குப் பல்பு! அது சட்டை உரிக்க ஆரம்பித்து, உரிக்க முடியாமல் துண்டு துண்டாகத் தொங்குகிறது. கண்ணின் மேல் ஒரு படலம். நேற்றுத் தின்ற எலியைக் கக்கிவிட்டது. நான் இதைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 7

நாமக்கல்லில் பிரவீனா என்று ஒரு கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். முப்பது வயதிருக்கும். நாள் முழுக்கக் கோழிப்பண்ணைக்காரர்களோடு மல்லுக்கட்டுகிற பெண், முகத்துக்கு நேரே பேசுகிறாள்.

"இது பொட்டைங்க. டைகர்னா பேரு வச்சிருக்கீங்க?"

நான் சிரித்துவிட்டேன். இவர் முறைத்தார். பல்பைக் கழற்றச் சொன்னாள். எலி இருபது நாளுக்கு ஒன்று போதுமாம். வெறும் சூட்டைவிட ஈரம்தான் இதற்கு முக்கியமாம். கடிக்கிறதே என்று இவர் புகார் சொன்னதற்கு, "மேல இருந்து கை வந்தா எதுதாங்க பயப்படாது? மொதல்ல மெதுவாத் தொட்டு, நீங்க வந்திருக்கறதைச் சொல்லுங்க. அப்பறம் கீழ இருந்து ரெண்டு கையாலயும் தாங்கி எடுங்க" என்றாள்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. "ஓனர் யாருங்க?"

"நான்தான்" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. அவள் வனத்துறைப் பதிவுத் தாளைப் புரட்டினாள். "இதுல ஆர். நர்மதான்னு போட்டிருக்குதே?"

மாவு ஆட்டும்போது வந்த ஓடிபி. பாம்பும் என் பேரில்! கோபம் அவர் மேலா? இல்லை. எண்ணைப் படித்த என் வாய் மேல்.

ஏப்ரல் 8

தறிக்கூடத்தில் வளர்ந்தவளுக்கு ஈரத்தைப் பற்றி யாராவது பாடம் எடுக்க வேண்டுமா? குமாரபாளையத்தில் வறண்ட காற்று அடித்தால் பாவு நூல் படபடவென்று அறும். உடனே தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, ஜன்னலுக்கு ஈரச் சாக்குக் கட்டிவிடுவோம். அதையேதான் செய்தேன். பெட்டிக்குள் எங்கள் தறியில் நெய்த டவலையே நனைத்துப் பிழிந்து சுருட்டி வைத்தேன். ஏற்றுமதித் தரம் என்று இவர் அட்டையில் போட்டிருக்கிறார், பாம்பாவது சோதித்துச் சொல்லட்டும்.

நேராக டவலுக்குள் புகுந்துகொண்டது. புகுந்துகொண்டாள்.

மே 2

டவல் சுற்றி வருகிற அட்டைக் குழலால் முதுகை லேசாகத் தொடுவேன். அப்புறம் கீழே கை கொடுப்பேன். முதல் வாரம் சீறினாள். நானும் "சும்மா இரு, எனக்கு மட்டும் பயமில்லையா?" என்று திருப்பிச் சீறினேன். இன்று மடியில் கால் மணி நேரம் கிடந்தாள். நல்ல கனம். பேர் மாற்றிவிட்டேன், செவப்பி.

இவருக்கு இன்னும் சீறல்தான். இன்னும் மேலிருந்துதான் கையை விடுகிறார். மனிதருக்கு ஒரு தடவை சொன்னால் ஏறாது.

மே 19

சட்டையை முழுசாக உரித்துவிட்டாள். தலையிலிருந்து வால் வரை ஒரே துண்டு, கண் படலத்தோடு. மடித்துப் பட்டுப்புடவைப் பெட்டியில் வைத்தேன். பைத்தியம்தான் நான்.

ஜூன் 15

நாச்சிமுத்து வந்தார். ஹோட்டல் அடுத்த வாரம் திறக்கிறதாம். வாசலில் கண்ணாடிப் பெட்டியில் செவப்பியை வைத்து, சனி ஞாயிறில் வருகிறவர்கள் கழுத்தில் போட்டு போட்டோவும் எடுப்பார்களாம். இவர் கொடுத்துவிடுவதாகச் சொல்லியாகிவிட்டது. என்னிடம் பேச்சுக்குக்கூட ஒரு வார்த்தை இல்லை.

நான் செவப்பியைத் தூக்கி வந்து காட்டினேன். என் கையில் சும்மா கிடந்தாள். நாச்சிமுத்து முகம் வாடிப்போயிற்று. "என்னப்பா ரமேஷு, இப்படிச் சவசவன்னு கெடக்குது? சீறவே மாட்டேங்குது?"

"அட, குச்சியில நாலு குத்து குத்துனா தானா வரும்ப்பா" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சீ! என்ன மனுஷன்யா இது? அவ உனக்கு என்ன பாவம் பண்ணுனா? பயந்து நடுங்கறதைப் பார்க்க டிக்கெட்டா? எல்லாத்தையும் மனசுக்குள்ளேயே கத்தினேன். வெளியே காபிதான் கொடுத்தேன். சர்க்கரை போடாமல்.

ஜூன் 16 – திங்கள்

பதினொன்றே கால். போனில் ஆறு எண் வந்தது, உரிமை மாற்றத்துக்கு என்று போட்டிருந்தது. பின்னாலேயே அவர் போன், நாச்சிமுத்து ஹோட்டலிலிருந்து.

"ஓடிபி சொல்லு."

"வந்துருச்சுங்க. சொல்ல மாட்டேன்."

சிரித்தார். "வெளையாடாத நர்மதா. டைம் போகுது பாரு."

"போகட்டுங்க."

"நான் வாங்குன பாம்பு!"

"என் பேருல இருக்குதுங்க."

பின்னால் நாச்சிமுத்து குரல், "சம்சாரத்துக்கிட்டயே கெஞ்சறியேப்பா?" போன் கட்டாயிற்று. மறுபடியும் அடித்தது. மூன்று தடவை. எடுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் எண் செல்லாமல் போய்விட்டது. செவப்பி அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கேதான் குளுகுளுவென்று ஈரமாக இருக்கிறது.

ஜூன் 19

மூன்று நாளாகப் பேச்சில்லை. சாப்பாடு மட்டும் குறைவில்லாமல் இறங்குகிறது.

ஜூலை 4 – வெள்ளி

செவப்பி எலி எடுத்தாள். நல்லம்மாள் திரும்பி வந்துவிட்டாள், அந்த அறைப் பக்கம் மட்டும் வரமாட்டாளாம். சரி என்றேன்.

சாயங்காலம் தறிக்கூடத்துக்கு மேல்மாடி எடுக்கிற விஷயமாக ஏதோ விண்ணப்பத்தோடு இவர் வந்தார். வழக்கம் போல வாசலிலிருந்து கத்தவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தாளை என் பக்கம் தள்ளினார். "ஓடிபி வரும்… நீ படிச்சுப் பார்த்துட்டே சொல்லு."

நாலு பக்கம். நிதானமாகப் படித்தேன். அவர் காபி ஆறிப்போயிற்று, எழுந்து போகவில்லை. மூன்றாம் பக்கத்தில் சர்வே எண் தப்பாக இருந்தது. திருத்திக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னேன்.