உள்ளங்கைக்குக் கேட்டது

பிப்ரவரி 11

தும்மல் வந்தது. அடக்கினேன். அடக்கியதற்கும் வலித்தது.

மோட்டார் சைக்கிளோடு விழுந்தது நேற்று முன்தினம். எங்கள் பேக்கரி ரொட்டியைக் கடைகளுக்குப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, வளைவில் கொட்டிக் கிடந்த மணலில் பின்சக்கரம் வாரிவிட்டது. ஹேண்டில் நெஞ்சின் வலப்பக்கம் இடித்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "விலா எலும்புல சின்னதா ஒரு கீறல். மத்தபடி சதையில அடிதான். பாரம் தூக்காதீங்க. மூச்சு வாங்கினா உடனே வந்துருங்க" என்றார்.

இத்தனை வருஷமும் சிரிப்பதும் புரண்டு படுப்பதும் சும்மா நடக்கிறது என்று நினைத்திருந்தேன். ஒரு டம்ளரை எடுக்க நெஞ்சுச் சதை அத்தனையும் எழுந்து வேலை பார்க்கிறது. இதெல்லாம் எனக்குள் எப்போதிலிருந்து நடக்கிறது?

பேக்கரியை அண்ணன் பார்த்துக்கொள்கிறான். "நீ விழுந்தது இருக்கட்டும், நல்லவேளை கூடையெல்லாம் காலி" என்றான். சிரித்துவிட்டேன். பாவி.

பிப்ரவரி 12

இருமினேன். கண்ணில் பூச்சி பறந்தது.

பிப்ரவரி 14

என் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் வீட்டுப் பேச்சு கையாலும் முகத்தாலும்தான். வலக்கையைத் தூக்க முடியாமல் இடக்கையால் பேசுகிறேன். திக்கித் திக்கிப் பேசுகிறேனாம், கேலி செய்கிறாள். சண்டை என்றால் அவளுக்கு ஒரு வசதி உண்டு. கண்ணை மூடிக்கொண்டால் போதும், அதற்கு மேல் நான் யாரிடம் வாதாடுவது?

நான் மாவு பிசையும்போது பின்னால் வந்து முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் பாடுகிறேனா, அண்ணனைத் திட்டுகிறேனா என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். வார்த்தை தெரியாது, விஷயம் தெரியும். இன்று அதே கையை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன் பாதியில நிறுத்துற?" என்று கேட்டாள்.

மூச்சைத்தான். பாதி இழுத்து நிறுத்துகிறேன் என்று எனக்கே தெரியாது. முழுதாக இழுத்துப் பார்த்தேன், குத்தியது. என்னைவிட என்னை நன்றாகக் கேட்கிறாள்.

பிப்ரவரி 17

என் புத்தி எங்கே போயிற்று? வலி குறைந்த மாதிரி இருந்தது. மாவு பிசையும் மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று அண்ணன் ஃபோன் செய்தான். போனேன். வழியில் கிடந்த மாவு மூட்டையை — ஒரே ஒரு மூட்டைதான் — கொஞ்சம் இழுத்து நகர்த்தினேன். உள்ளே சுருக்கென்றது. சதைப்பிடிப்பாக இருக்கும். வீட்டில் மூச்சுவிடவில்லை.

பிப்ரவரி 18

மத்தியானம் தைலம் தேய்க்க வந்தவள், நெஞ்சில் கையை வைத்தவாறே நின்றுவிட்டாள். விரலால் அழுத்தினாள். கொஞ்சம் மேலே, கழுத்துப் பக்கம் அழுத்தினாள். பிறகு, ரஸ்க்கை உதிர்ப்பது மாதிரி இரண்டு விரல்களையும் தேய்த்துக் காட்டினாள்.

எங்கள் தொழிலில் உடம்பில் என்னதான் ஒட்டாது? நேற்று பேக்கரிக்குப் போனது வேறு உறுத்திக்கொண்டிருந்தது. "சர்க்கரை ஒட்டியிருக்கும், துடைச்சு விடு" என்றேன். ஈரத்துணியால் துடைத்தாள். தொட்டுப் பார்த்தாள். மறுபடி துடைத்தாள். தோல் சிவந்துபோயிற்று. துணியை எறிந்துவிட்டு, என் விரலைப் பிடித்து என் நெஞ்சிலேயே அழுத்தினாள்.

நறநறவென்றது. தோலுக்கு மேலே இல்லை, அடியில். ரஸ்க் பொடியைத் துணிக்கு அடியில் பரப்பி அழுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி.

"உள்ள இருக்கு. கிளம்பு."

கைப்பேச்சில் 'கிளம்பு', 'கிளம்புங்க' என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. மரியாதை முகத்தில்தான் தெரியும். இன்று துளியும் தெரியவில்லை. நாளைக்குப் போகலாம் என்றேன். வீக்கம்தான் என்றேன். கடைசியில் அவள் வழியிலேயே இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டேன். இமையை விரலால் பிரித்துத் திறந்துவிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். எழுந்து சட்டையைத் தேடினேன்.

பிப்ரவரி 20, ஆஸ்பத்திரி

இடக்கை எழுத்து, கோழிக் கிறுக்கல். வலப்பக்க விலாவில் குழாய்.

நுரையீரலில் ஓட்டை. மூட்டையை இழுத்தபோது கீறல் விட்ட எலும்பு விலகிக் குத்தியிருக்கிறது. கசிந்த காற்றில் கொஞ்சம் தோலுக்கு அடியில் ஏறி நறநறத்திருக்கிறது. மீதிக் காற்று நெஞ்சுக்குள் நிறைந்து நுரையீரலை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்று இங்கே வரும் வழியிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். "இதை யார் கவனிச்சாங்க?" இவளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அவள் கைகளையே பார்த்தார். "நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டிருந்தீங்கன்னா..." என்றார். முடிக்கவில்லை. 

செத்திருப்பேன். எழுதிப் பார்க்கிறேன். நாளைக்கு என்று நான்தானே சொன்னேன்? செத்திருப்பேன்.

பிப்ரவரி 21

குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் இருக்கிறது. மூச்சை விட்டால் குமிழி வருகிறது. என் மூச்சை நானே பார்க்கிறேன். இவள் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூச்சுக்குச் சத்தம் உண்டு என்பது அவளுக்குப் பிறர் சொல்லிக் கேள்வி. இன்று அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். இருமினேன், கொத்துக் கொத்தாகக் குமிழி. அவள் முகம் மலர்ந்ததே, கல்யாணத்தன்றுகூட அப்படி நான் பார்த்ததில்லை.

"இன்னொரு தடவை."

வலிக்குது என்றேன்.

"பரவாயில்ல, இன்னொரு தடவை."

இருமினேன். நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றார். "சளி கட்டக் கூடாது, இருமுங்க இருமுங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவங்க சத்தமே போடாம சாதிச்சுட்டாங்க."

பிப்ரவரி 23

குமிழி நின்றுவிட்டது. இவள் ஓடிப்போய் நர்ஸைக் கையோடு இழுத்து வந்தாள். நர்ஸ் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "பயப்படாதீங்க, ஓட்டை அடைஞ்சிட்டிருக்கு, அதான். டாக்டர் வந்து பார்த்துச் சொல்லுவார்."

டாக்டரும் அதையே சொன்னார். யார் அடைத்தது? யாரும் உள்ளே போகவில்லை. தையல் இல்லை, பசை இல்லை. நான் டீ குடித்துக்கொண்டு அண்ணனோடு வம்பளந்த நேரத்தில் அது தன்பாட்டுக்கு மூடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு பெரிய காரியம், ஒரு வார்த்தை சொல்லாமல். கும்பிடத் தோன்றுகிறது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது?

பிப்ரவரி 27

வீடு. குழாயை எடுத்துவிட்டார்கள். விலா இன்னும் வலிக்கிறது, வலிக்கட்டும்.

மார்ச் 4

இவள் கையை எடுப்பதே இல்லை. சாப்பிடும்போதும் சரி, பேப்பர் படிக்கும்போதும் சரி, நெஞ்சில் அவள் கை. நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் நம்புவதில்லை. எப்படி நம்புவாள், சர்க்கரை என்று சொன்னவன் ஆயிற்றே. படுத்தாலும் தூங்குவதில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. எனக்கு மூச்சு வந்துவிட்டது. அவளுக்கு இன்னும் வரவில்லை.

மார்ச் 9

புது எக்ஸ்ரே. "நுரையீரல் ரொம்ப நல்லா விரிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். இவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி கை.

மார்ச் 16

மத்தியானம் பக்கத்தில் வந்து படுத்தாள். வழக்கம்போல் நெஞ்சில் கை. முழு மூச்சாக இழுத்து விட்டேன், இழுத்து விட்டேன். எங்கேயும் குத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் கை தானாகக் கனத்தது. பிறகு அவளே அதை எடுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள்.

ஃபோன் அடித்தது, அண்ணன்தான். அந்தச் சத்தம் அவளை எழுப்பாது. ஆனால் நான் எழுந்தால் கட்டில் அசையும். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன்.