ஆசிரியர் அறை ஆணி

கீழ்பென்னாத்தூர்
8-7-1984

அன்புள்ள அப்பாசாமி சாருக்கு,

நானும் வீட்டுக்காரி ஜோதியும் நலம். இந்த வருஷம் வேர்க்கடலை கம்மி, சந்தோஷம் ஜாஸ்தி. நாம் சேர்ந்து வேலை பார்த்த பள்ளிக்கே என் மகள் சரோஜா தலைமையாசிரியையாக வந்துவிட்டாள்.

ஒரு விஷயம். ஆசிரியர் அறையில், தண்ணீர்ப் பானைக்கு எட்டத்தில், கதவோரமாக ஓர் ஆணி இருக்கிறதே. "அது எதுக்குப்பா?" என்று கேட்டாள். உங்கள் டம்ளர்கள் பானை மேல் இருக்க, என் சாதிக்காக என் டம்ளர் மட்டும் கயிறு கட்டி அதில் தொங்கியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அப்பாசாமி சாரைக் கேளு"னு சொல்லிவிட்டேன்.

தங்கள்
வேடியப்பன்

திருவண்ணாமலை
13-7-1984

அன்புள்ள வேடியப்பன் சாருக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கம்மாளுக்கு உரக்கப் படித்தேன். "நம்ம சரோஜாவா"னு கேட்டுவிட்டு, தெருவெல்லாம் சொல்லி வந்தாள்.

ஆணியைப் பற்றி யோசித்தேன். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஊரில் காலரா. உங்கள் பக்கம் இரண்டு பேர் இறந்தார்கள். தலைமையாசிரியர் பயந்துபோய் உங்கள் டம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னார். காலரா போயிற்று, ஆணி நின்றுவிட்டது. நரிக்குப் பயந்து கொல்லைக்கு முள்வேலி போட்டவன், நரி போன பிறகும் வேலியைப் பிரிப்பதில்லை. உலகத்தில் மனிதர் மேல் மனிதருக்கு உள்ள வெறுப்பெல்லாம் இப்படித்தான் தொடங்கியிருக்கும். சரோஜாவிடம் இதைச் சொல்லட்டுமா?

அன்புடன்
அப்பாசாமி

கீழ்பென்னாத்தூர்
19-7-1984

அன்புள்ள சார்,

காலரா உங்கள் வீட்டுக்கும் வந்தது. உங்கள் பெரியப்பா அதில்தான் போனார். உங்கள் டம்ளர் ஏன் பானை மேலேயே இருந்தது?

நானும் சரித்திரம் நடத்தியவன். ஆப்பிரிக்காவில் ஆட்களைப் பிடித்துக் கப்பலேற்றியவனுக்கு முதலில் வேண்டியிருந்தது, கரும்புத் தோட்டத்துக்குக் கூலி கேட்காத ஆள். கறுப்புத் தோல் மட்டமானது என்று பிறகுதான் எழுதி வைத்தான். இங்கேயும் சேற்றில் இறங்க ஆள் வேண்டியிருந்தது. தீட்டு என்ற பேச்சு அதற்குக் காவல்.

தலைமையாசிரியர் சொன்னார், சரி. சுத்தியல் யார் கையில் இருந்தது? அதைச் சரோஜாவிடம் சொல்லுங்கள். முடியாதென்றால், இதுவே என் கடைசிக் கடிதமாக இருக்கட்டும்.

வேடியப்பன்

திருவண்ணாமலை
2-8-1984

அன்புள்ள வேடியப்பன் சாருக்கு,

நேற்று பள்ளிக்குப் போனேன். ஆசிரியர்கள் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன்: "இத அடிச்சது நான்தாம்மா. உங்கப்பா டம்ளர் எங்களோடதுல படக்கூடாதுனு அடிச்சேன். காலரா சும்மா சாக்கு."

சரோஜா குறடு வரவழைத்து என் கையில் கொடுத்தாள். "நீங்களே பிடுங்கிடுங்க சார்."

மூன்று தரம் இழுத்தும் வரவில்லை. "நல்லா ஆழமாத்தான் அடிச்சிருக்கீங்க" என்றாள். சிரிக்கவில்லை. நாலாவது இழுப்பில் சுண்ணாம்போடு வந்தது.

பிறகு பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ஏழு டம்ளரும் ஒரே மாதிரி. எது யாருடையது என்று நான் கேட்கவில்லை. இப்படி ஒரு தலைமையாசிரியையின் கீழ் வேலை பார்க்காமல் போனோமே என்றிருந்தது.

ஆணியை இத்துடன் வைத்திருக்கிறேன். பதில் எழுதுங்கள்.

அப்பாசாமி

கீழ்பென்னாத்தூர்
7-8-1984

அன்புள்ள சார்,

ஆணி வந்து சேர்ந்தது. கொஞ்சம் வளைந்திருந்தது, நிமிர்த்திக்கொண்டேன். சரோஜாவின் நியமன உத்தரவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலுக்கு நேராக அந்த ஆணியில்தான் மாட்டியிருக்கிறேன். இந்தத் தடவை சுத்தியல் என் கையில்.

தங்கம்மாளை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். ஜோதி சமைக்கிறாள்.

உங்கள்
வேடியப்பன்