சுகந்தி மழைக்கு உடுத்துகிறாள்

1995 ஏப்ரல் 18, செவ்வாய்

காலையில் கார்க் கண்ணாடியில் உறைபனி. சுரண்டிவிட்டுப் போனேன். மத்தியானம் ஜக்கெற்றைக் கழற்றி இடுப்பில் கட்டும் அளவு வெயில். திரும்பும்போது மழை. ரொறன்ரோவில் ஏப்ரல் என்றால் இப்படித்தான். காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டும். பால், வெங்காயம்.

சுகந்தி இன்றும் வெளியே போகவில்லை. ஜனவரியில்தான் ஊரிலிருந்து வந்தவள். கலியாணம் முடித்து ஒரு மாதத்தில் நான் இங்கே வெளிக்கிட்டுவிட்டேன். பிறகு ஐந்து வருடம் கடிதத்திலும் ரெலிபோனிலும் குடும்பம். இப்போது நிலத்துக்குக் கீழே ஒரே பேஸ்மென்றில் இரண்டு பேருக்கும் கூச்சம். அவளுக்கென்று நான் முதலே வாங்கி வைத்த ஜக்கெற் மண்ணிறம், ஆம்பிளை அளவு. போட்டுப் பார்த்தாள். உள்ளே ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

போன மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இந்த ஊர் சரிவராது போல கிடக்கு." அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் எடுக்கவில்லை. பயம்.

ஏப்ரல் 20, வியாழன்

விடியலிலிருந்து மழை. வேலை முடிந்து மிசிசாகாவிலிருந்து வரும் வழி முழுக்கக் கார்கள் ஊர்ந்தன. முதுகு நோ.

எங்கள் வீடு இருக்கும் மில்லிக்கனுக்குத் திரும்பும் ஸ்ரீல்ஸ் வீதிச் சந்தியில் சிவப்பு லைற். பஸ் தரிப்பில் ஒரு பெண். கடும்பச்சை மழைக் கோட், இடுப்பில் பெல்ற் இறுக்கி. கழுத்தில் செம்மஞ்சள் துணி. கறுப்பில் கட்டை றப்பர் பூட்ஸ். பக்கத்தில் நின்ற சனமெல்லாம் தோளைச் சுருக்கிக்கொண்டு நிற்க, அவள் மட்டும் நிமிர்ந்து. உடுக்கத் தெரிந்தவள் என்று நினைத்தேன். குடையைச் சரித்தாள். சுகந்தி.

பின்னால் ஹோர்ன். பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை.

ஓரமாக நிறுத்தி ஏற்றினேன். "எங்க போனீர்?"

"சும்மா. மழை பெய்தது, வெளிக்கிட்டன்."

"மழைக்கையோ?"

"மழைக்கு என்ன பயம். பனிக்குத்தான் என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

கோட்டை, பக்கத்துக் கடைத்தொகுதியான பிளாஸாவில் உள்ள பழைய உடுப்புக் கடையில் எடுத்ததாம். பொத்தானை உள்ளுக்குத் தள்ளித் தானே தைத்திருக்கிறாள். கழுத்துத் துணி கிழிந்த பருத்திச் சேலையின் முந்தானை. கோட்டுக்குள் மெல்லிய சுவெற்றர், அதற்குள் சேர்ட். "வெயில் வந்தா ஒண்டொண்டாக் கழட்டலாம். உங்கட ஜக்கெற் எண்டா ஒண்டு அவியோணும், இல்லாட்டி விறைக்கோணும்."

உதெல்லாம் எங்கே படித்தீர் என்று கேட்டேன்.

"மூண்டு மாசமா பேஸ்மென்ற் ஜன்னலுக்கால சனத்தின்ர காலைத்தானே பாத்துக்கொண்டிருந்தனான். ஆர் நனையினம், ஆர் நனையேல்லை எண்டு வடிவாத் தெரியும்."

நான் அந்த ஜன்னலைப் பார்த்து அவள் அழுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அழுதும் இருக்கலாம். கேட்கவில்லை.

ஏப்ரல் 22, சனி

என் அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள். மிசிசாகாவில் விருந்து ஹோல் ஒன்று எடுத்திருந்தார்கள். கொட்டும் மழை, காற்று. கார் விட இடம் கிடைத்தது ஹோலுக்கு எங்கேயோ தொலைவில்.

சுகந்தி ஊதாப் பட்டுச் சேலை. காரில் ஏறும் முன்பே கொய்யக மடிப்பைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, மேலே பச்சைக் கோட்டைப் போட்டு பெல்ற்றால் இறுக்கிவிட்டாள். காலில் பூட்ஸ். செருப்பு கைப்பையில். குளம் மாதிரிக் கிடந்த பார்க்கிங்கில் நான் தத்தித் தத்திப் போக, அவள் நேரே நடந்தாள். வாசலில் பெல்ற்றைத் தளர்த்தினாள், சேலை இறங்கியது. செருப்பை மாற்றினாள். தலைமயிர்கூடக் கலையவில்லை.

மற்றப் பெண்கள் பட்டுக்கு மேல் ஸ்கீ ஜக்கெற், காலில் வெள்ளைச் சப்பாத்து, சேலைக் கரை முழுக்கச் சேறு. பாவம். கொஞ்ச நேரத்தில் கோட்டுகளைக் கொழுவித் தொங்கவிட்டிருந்த இடத்தில் நாலைந்து பேர். "உதை எங்க எடுத்தனீர்?" "இந்த நிறம் என்னெண்டு பிடிச்சனீர்?" சுகந்தி கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறாள். அவளுக்கு இவ்வளவு பேச்சு இருக்கிறதா?

அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றா. "வந்து நாலு மாசமாகேல்லை, உவவின்ர ஸ்ரைலைப் பார். நாங்கள் வந்த புதுசில இப்பிடியோ திரிஞ்சனாங்கள்?"

அக்காவுக்கு நான் எதிர்த்துப் பேசி அறியேன். என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்ததே அவதான். வாயில் கட்லற் வேறு. விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "அக்கா, உங்கட சீலைக் கரை நனைஞ்சு கிடக்கு. சுகந்தியின்ர நனையேல்லை."

அக்கா குனிந்து பார்த்தா. பிறகு கேக் வெட்டப் போய்விட்டா.

 சுகந்தி கேட்டாளோ தெரியாது. திரும்பி வரும்போது காரில் ஹீற்றரை என் பக்கம் திருப்பிவிட்டாள். என் கால்தான் தெப்பமாக நனைந்திருந்தது.

ஏப்ரல் 23, ஞாயிறு

மேகம், இடையிடையே வெயில். உடுப்புத் தோய்த்தோம்.

பத்து மணிக்கு அக்காவின் ஃபோன். நான்தான் எடுத்தேன். "உன்னோட கதைக்க ஒண்டுமில்லை. உவவிட்டைக் குடு." சுகந்தி ஓம் மச்சாள், ஓம் மச்சாள் என்று நெடுநேரம். வைத்துவிட்டுச் சிரித்தாள். அடுத்த சனி அக்கா வருகிறாவாம், அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகட்டாம்.

தேத்தண்ணீர் குடிக்கும்போது துணிந்து கேட்டேன். "இப்ப இந்த ஊர் சரிவருமோ?"

யோசித்தாள். "ஊர் தெரியாது. மழை சரி."

இப்போதைக்கு அது போதும்.

ஏப்ரல் 26, புதன்

காலையில் குளிர், பின்னேரம் புயல் மாதிரிக் காற்று. நான் வேலைக்கு வெளிக்கிடும் முன்பே சுகந்தி என் கறள் பிடித்த இரும்பு நிற ஜக்கெற்றை ஒளித்துவிட்டாள். நீலச் சுவெற்றரும் மெல்லிய மழை ஜக்கெற்றும் எடுத்து வைத்திருந்தாள். வேலையிடத்தில் கூட வேலை செய்யும் போர்த்துக்கீசக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து, இன்று என்ன விசேஷம் என்றான். மனைவி என்றேன். வேறு விளக்கம் தோன்றவில்லை.

திரும்பி வந்து பிளாஸாவில் அவளைச் சந்திப்பதாகப் பேச்சு. மழை முகத்தில் அடித்தது. குனிந்துகொண்டு மரக்கறிக் கடைப் பக்கம் நடந்தேன். அவள் மற்றக் கரையில், வங்கியின் கூரைக்குக் கீழே நின்றிருக்கிறாள். வழக்கம்போல இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ என்று கூப்பிட்டாளாம். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

"யோகன்."

இதுவரை ஒரு நாளும் அவள் என் பெயரைச் சொன்னதில்லை. கடிதத்தில்கூட இல்லை. பார்க்கிங் முழுக்கக் கேட்கும்படி, பச்சைக் கோட் படபடக்க, கையை உயர்த்திக்கொண்டு.

கேட்காதவன் போல இன்னும் கொஞ்சம் நடந்தேன், திரும்பவும் கூப்பிடட்டும் என்று.