டோயிங் சார்ஜும் ஓடிய மீட்டரும்

பாய்,

இன்று அடையாறில் என் ஆட்டோவில் ஏறிய பெரியவரிடம் நீ பூசுகிற அதே ஜவ்வாது அத்தர் வாசனை. மந்தைவெளியில் அவர் இறங்கிப் போன பிறகும் வண்டிக்குள் அது தங்கிவிட்டது. அடுத்த சவாரி எடுக்க மனசு வரவில்லை. ஓரங்கட்டிவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன். நீ இருந்திருந்தால், "சவாரிய வுட்டுட்டு இன்னா எழுத்து வேண்டிக்கீது?" என்று திட்டியிருப்பாய்.

கடனுக்கு வண்டியைத் தூக்குகிறவர்கள் நம் லஸ் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்த காலை ஞாபகம் இருக்கிறதா? கால் உடைந்து வீட்டில் கிடந்ததில் எனக்குத் தவணை நின்றுபோயிருந்தது. வந்த தடியன்கள் மூன்று பேருக்கும் என் கிழட்டு வண்டியைக் கிளப்பத் தெரியவில்லை. கடைசியில் "நீயே ஓட்டு" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். நானும் பயத்தில் கிண்டி வரை ஓட்டிப் போய், தூக்கிய வண்டிகளை நிறுத்துகிற அவர்கள் யார்டில் விட்டேன். ஆள் ஏறினால் மீட்டர் போடுவது என் கைப்பழக்கம்; அதற்காக ஸ்டாண்டே என்னைக் கிண்டல் செய்யும். அன்றைக்கும் என்னையறியாமல் போட்டிருக்கிறேன்.

சாயந்திரத்துக்குள் ஸ்டாண்டு முழுக்கப் பணம் புரட்டித் தவணையைக் கட்டினோம். ரசீதோடு நாம் இருவரும் போனால், யார்டுக்காரன் வேறொரு சீட்டை நீட்டினான். வண்டியைக் கட்டி இழுத்து வந்ததாக டோயிங் சார்ஜ், ஒரு வாரத்து யார்டு வாடகை, காவல் கூலி. கட்டாவிட்டால் வண்டி ஏலத்துக்குப் போகும் என்றான். வண்டி போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது. மறுபடி யாரிடமாவது கடன் கேட்கக் கிளம்பிய என்னை நீதான் சட்டையைப் பிடித்து நிறுத்தினாய்.

"கடன் நம்மள்து, கட்டியாச்சு. இது எவன் ஊட்டு கூலி? கேளு நைனா."

நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீ வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாய். மீட்டர் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நீ சிரித்த சிரிப்பில் யார்டு நாய் எழுந்து ஓடியது.

"டோயிங்கா? உன் ஆளுங்க சவாரி வந்துகீறாங்க, இந்தா மீட்டரு. காலைல வந்த வண்டிக்கு ஒரு வாரம் வாடகைன்னா, எங்களுக்கும் காலைலேர்ந்து வெயிட்டிங் சார்ஜ் குடு. இல்லாங்காட்டி உன் சீட்டுல சீல் வச்சு குடு. கடன் குடுத்த கம்பெனில காட்டிக்கிறோம்."

சீல் என்றதும் அவன் முகம் செத்துவிட்டது. கம்பெனிக்குத் தெரியாமல் நடக்கிற வசூல் அது. "எடுத்துக்கினு போங்கய்யா" என்று சாவியைத் தூக்கிப் போட்டான். திரும்பும்போது சைதாப்பேட்டையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நீ சொன்னாய்: "பயம் இருந்தா இருக்கட்டும். எதுக்குன்னு மட்டும் கேட்டுடு."

போன மாதம் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வேன்காரன், பில்லில் மாடி ஏற்றிய கூலி என்று ஒரு வரி எழுதியிருந்தான். உன் வீடோ தரைத்தளம். மூக்கைச் சிந்திக்கொண்டே, "எந்த மாடிப்பா?" என்று கேட்டேன். அவன் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தான். ஜெயித்ததைச் சொல்ல உன் பக்கம் திரும்பினேன். நீ வெள்ளைத் துணிக்குள் இருந்தாய். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன் பாய். உன் சம்சாரம் முறைத்தது. விஷயத்தைச் சொன்னதும் அதுவும் சிரித்துவிட்டது.

இப்போதும் எவனாவது சீட்டை நீட்டினால் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது. வாய் மட்டும் கேட்டுவிடுகிறது.